பார்க்கத் தகுந்த இடங்கள்

ஓர் ஊரின் பெருமை யாதெனக் கேட்பார்க்குக் கோயில், கோட்டை, அருவி என்று கைகாட்டுதல் உலக வழக்கு. 1869-ஆம் ஆண்டில் ஆஸ்திரியா-ஹங்கேரி நாட்டில் அஞ்சலட்டை தோன்றி, பின்னர் அதன்மேல் படமும் ஏறியபொழுது, அவ்வழக்கு விலைப்பொருளாயிற்று. அட்டையில் ஏறிய இடம் பார்க்கத் தகுந்தது, ஏறாத இடம் தகாதது என மக்கள் எண்ணத் தலைப்பட்டனர்.

இவ்வெண்ணத்தை நகையாடத் துணிந்தார் அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஸ்டீபன் ஷோர். 1971-இல் டெக்ஸாஸ் மாநிலத்து அமரில்லோ நகரைக் காட்டும் பத்துப் படங்களை அவர் அட்டைகளாக்கினார். அவற்றில் மலையுமில்லை, மாளிகையுமில்லை. கடைத்தெரு, மருத்துவமனை, வங்கிக் கட்டிடம், இறைச்சி சுட்டு விற்கும் உணவுக்கடை போன்றனவே இருந்தன. கடைகளில் விற்கும் அட்டைகளைப் போலவே பளிச்சிடும் வண்ணத்தில் 56,000 பிரதிகள் அச்சிடுவித்தார். பின்புறத்தில் இடத்தின் பெயருண்டு; ஊரின் பெயரில்லை. அஃது எந்த ஊராகவும் இருக்கலாமன்றோ! விற்றவை சிலவே. ஆகவே தாம் பயணஞ்சென்ற ஊர்களில், கடைகளின் அட்டைத் தட்டுகளில் அவற்றை ஓசையின்றிச் செருகிவைத்தார்.

1999-இல் ஆங்கில நிழற்படக் கலைஞர் மார்ட்டின் பார், நெடுஞ்சாலை, பேருந்து நிலையம் முதலியவற்றைக் காட்டும் பழைய பிரிட்டிஷ் அட்டைகளைத் திரட்டி, 'சலிப்பூட்டும் அஞ்சலட்டைகள்' என்னும் பொருள்படும் பெயரில் நூலாக்கினார். அவ்வட்டைகள் புதுச்சாலை போட்ட காலத்தில் பெருமையோடு விற்கப்பட்டவை. நேற்றைய பெருமை இன்றைய நகைப்பாயிற்று.

இந்நகைப்பு யார்மீது? அங்கு வாழ்வார்மீது எனின் கீழ்மை. எது காணத்தக்கது எனத் தீர்ப்புரைக்கும் வழக்கின்மீது எனின் அறிவுடைமை என்போம் நாம்.

இத்தீர்ப்புக்கு நம் முன்னோரும் ஆட்பட்டனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் விற்ற அட்டைகளில் தமிழரும் காட்சிப்பொருளாயினர். 'கிளிங்' என்னும் இனப்பெயரே படத்தின் அடியில் நின்றது. நின்ற ஆளின் பெயரில்லை. ஷோர் ஊர்ப்பெயரை விட்டது நகைப்பின் பொருட்டு. இவர்கள் ஆட்பெயரை விட்டது மதியாமையால்.

தோட்டங்கள் பல அழிந்து வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட இந்நாளில், அன்பர்களே, எஞ்சிய லயத்து வாசலையும், தண்ணீர்க் குழாயையும், பட்டணத்துச் சந்தையையும் நீங்களே படமெடுத்து வைப்பீர்களாக. பின்புறத்தில் இடத்தின் பெயரோடு, படத்தில் நிற்பவர் பெயரையும் எழுதுவீர்களாக. நம் இடங்களின் மதிப்பைப் பிறர் வந்து சொல்லட்டும் என்று காத்திருத்தல் இனி வேண்டா.