மூன்றாவது ஆசிரியர்

நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், அட்டைகளில் இருந்த புத்தக விவரங்களை அதில் ஏற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தலைப்பு, ஆசிரியர் 1, ஆசிரியர் 2, பதிப்பகம், ஆண்டு என்று கட்டங்கள் போட்டேன். பல மாதம் உட்கார்ந்து ஏற்றி முடித்து, அட்டைப் பெட்டிகளைப் பரணில் போட்டோம்.

ஒருநாள் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், தாம் இன்னும் இருவரோடு சேர்ந்து எழுதிய பாடநூலைக் கேட்டு வந்தார். அவர் பெயரைத் தட்டினேன். திரை இல்லை என்றது. புத்தகமோ அலமாரியில் இருந்தது! அவர் மூன்றாவது ஆசிரியர். என் அட்டவணையில் மூன்றாம் ஆளுக்குக் கட்டமே இல்லை. பழைய அட்டைகளில் அவர் பெயருக்கும் தனியாக ஓர் அட்டை இருந்தது.

"நான் எழுதவே இல்லைங்குதா தம்பி?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் வகுத்த முறையில், ஓர் அட்டவணையின் எல்லா வரிக்கும் ஒரே கட்டங்கள்தாம். சம்பளப் பட்டியலுக்கு அது கச்சிதம். ஆசிரியர்களுக்குத் தனி அட்டவணை போட்டு இணைக்கலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது. ஆனால் புத்தகங்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்லவே! ஒன்றுக்கு ஆசிரியர் ஐந்து பேர். இன்னொன்றுக்கு ஆசிரியர் பெயரே இராது. இப்படிப் பாதி ஒழுங்கும் பாதி விதவிதமுமான தரவு நூலகர்களுக்குப் பழகிய தலைவலி.

1960களிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் அவ்ரம் என்ற அம்மையார் இதற்கு 'மார்க்' முறையை உருவாக்கினார். அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண். 245 என்றால் தலைப்பு. 700 என்றால் உடன் எழுதியவர். 700 எத்தனை முறையும் வரலாம், வராமலும் இருக்கலாம். எந்த எண் எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொரு பதிவின் முன்பகுதியிலும் ஒரு சிறு பொருளடக்கம் இருக்கும்.

இதே போக்கில் அமைந்த சிடிஎஸ்/ஐசிஸ் மென்பொருளை யுனெஸ்கோ 1985இல் சிறு கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் நிஸ்சாட் அமைப்பு அதைப் பரப்பியது. புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவுபோல, எந்தச் சொல் எந்தப் பதிவுகளில் இருக்கிறது என்று அது தனிக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும்.

அது எங்களுக்கும் கிடைத்தது. அட்டைகளைப் பரணிலிருந்து இறக்கி மறுபடி முதலிலிருந்து ஏற்றினோம். பேராசிரியரை அழைத்துக் காட்டினேன். தம் பெயர் வந்ததும், இன்னொரு முறை தட்டச் சொல்லிப் பார்த்தார்.

சென்ற மாதம் என் மகள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 'ஜேசன்பி' என்ற வசதியைக் காட்டினாள். 2014இல் வந்ததாம். ஒரே கட்டத்துக்குள் வடிவம் மாறும் பதிவுகளை வைக்கலாம். உள்ளே தேட 'ஜின்' என்ற சொல்லடைவு. "எங்க ஐசிஸ்தானேம்மா இது?" என்றேன்.

அட்டவணை போடும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மூன்றாவது ஆசிரியரை எங்கே வைப்பீர்கள்?