ஓகே என்றால் என்ன?



சம்மதம் என்றாலும் 'ஓகே'. 'படம் எப்படி?' என்று கேட்டு 'ஓகே' என்று பதில் வந்தால் சுமார் என்று பொருள். விழுந்தவனிடம் 'ஓகேவா?' என்றால் அடிபடவில்லையே என்ற கேள்வி. போனை வைப்பதற்கும் 'ஓகே, ஓகே'. அதிகாரி ஃபைலை 'ஓகே பண்ணிட்டார்' என்றால் அதுவே வினைச்சொல்.

இது பிறந்தது ஒரு கேலியில். 1830களின் இறுதியில் அமெரிக்காவில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்கள் சொற்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அவற்றின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு விளையாடினார்கள். 'ஆல் கரெக்ட்' என்பதற்கு 'ஓ.கே.' என்று 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' அச்சிட்டது. (நம் வகுப்பில் அப்படி எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்!)

அந்த விளையாட்டில் பிறந்த மற்றச் சுருக்கங்கள் மறைந்துவிட்டன. இது பிழைக்க 1840 தேர்தல் உதவியது. அதிபர் மார்ட்டின் வான் பியூரன் கிண்டர்ஹுக் என்ற ஊர்க்காரர். 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்பது அவருடைய செல்லப்பெயர். ஆதரவாளர்கள் 'ஓ.கே. கிளப்' தொடங்கினார்கள். அவர் தோற்றுப்போனார், சொல் நின்றுவிட்டது. இது செவ்விந்தியர் மொழிச் சொல் என்று அதிபர் உட்ரோ வில்சன்கூட நம்பினார். 1960களில் ஆலன் வாக்கர் ரீட் என்ற ஆய்வாளர் பழைய செய்தித்தாள்களைத் துருவித்தான் உண்மையை நிறுவினார்.

ஆனால் நான் எழுத நினைத்தது 1977 மார்ச் 27 பற்றி. ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் கே.எல்.எம். விமானம் புறப்படக் காத்திருக்கிறது. அதே பாதையில் பான் ஆம் விமானம் எதிரே ஊர்ந்து வருகிறது. இரண்டும் ஜம்போ ஜெட். கே.எல்.எம். துணை விமானி, 'டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்ற பொருள்பட வானொலியில் சொன்னார். புறப்படும் இடத்தில் நிற்கிறார்கள் என்றே கோபுரத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். 'ஓகே' என்றார். சற்று இடைவெளி விட்டு, 'காத்திருங்கள், கூப்பிடுகிறேன்' என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானியும், தாங்கள் இன்னும் பாதையில்தான் இருப்பதாகச் சொன்னார். இரண்டு குரலும் மோதி, கே.எல்.எம். அறையில் கீச்சென்ற இரைச்சலாகிவிட்டது. தெளிவாகக் கேட்டது அந்த 'ஓகே' மட்டும்தான். விமானம் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. 583 பேர் இறந்தார்கள்.

பழியை அந்த ஒரு சொல்லின் மேல் மட்டும் போட முடியாது. பனி இருந்தது, அனுமதி வருமுன் கிளம்பிய தலைமை விமானியின் அவசரமும் இருந்தது. ஆனாலும் அதன்பிறகு வானொலிப் பேச்சின் விதிகளை இறுக்கினார்கள். முக்கிய உத்தரவுக்கு 'ஓகே' போதாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது.