உப்பளக் கரையில் டீசல் புகை

மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலும் அதைச் சுற்றி மரம் வெட்டாமல் காக்கப்பட்டுவரும் கோயில்காடும் ஊரின் அடையாளம். வடபுறம் கழுவெளிச் சதுப்பு நிலம், அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். உப்பு வண்டியோட்டிய உமணரைச் சங்கப் பாடல்கள் அறியும். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டபோது இத்தொழில் அரசுக் கணக்குக்குள் வந்தது.

உப்பு விளைய நெருப்பு வேண்டாம். உப்புநீரின் செறிவைக் காட்டும் பாமே அளவில் கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலும் காற்றும் அதை 25 டிகிரிக்குக் கொண்டுபோனால் பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கும். மனிதர் செய்ய வேண்டிய பெரும்பாடு நீரை மேலேற்றுவதும், பாத்திக்குப் பாத்தி மாற்றுவதும், விளைந்ததை வாரி அம்பாரம் சேர்ப்பதும்தான். நீரேற்ற ஏற்றமும் இறைகூடையும் இருந்தன. சரக்கை வடக்கே கொண்டுபோகப் பக்கிங்காம் கால்வாய் இருந்தது. அதன் தென்கோடி மரக்காணம். பாய் விரித்தும் கழி ஊன்றியும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் படகுகள் சென்னைக்குப் போயின. பாத்தி முதல் படகு வரை எந்த இடத்திலும் புகையில்லாத தொழில் அது. ஆனால் அந்தச் சுத்தமான காற்றுக்கு விலை கொடுத்தவை ஆட்களின் தோளும் முதுகும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவேதான் ஆயில் இன்ஜின் வந்தபோது அது வரமாகத் தெரிந்தது. ருடால்ஃப் டீசலின் இயந்திரம் 1897இல் செம்மையாக ஓடிக் காட்டியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை மாகாணக் கிணறுகளில் எண்ணெய் இன்ஜின் வைத்து நீர் இறைக்கும் முயற்சிகளை முன்னெடுத்தார். சுதந்திரத்துக்குப் பின் உள்நாட்டிலேயே தயாரான இன்ஜின்கள் ஊரூராகப் பரவின. கம்பி எட்டிய இடங்களில் பின்னர் மின்மோட்டார் அமர்ந்தது. ஊரைவிட்டு விலகி, வெட்டவெளியில் கிடக்கும் உப்பளங்களுக்கு மின்கம்பி எளிதில் வருவதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் டீசல்தான் துணை. படகுப் போக்குவரத்து ஓய்ந்ததும் சரக்கும் லாரிக்கு மாறியது.

டீசல் புகையில் கண்ணுக்குத் தெரியும் கரியைவிடக் கெடுதலானது தெரியாத பகுதி. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் மூக்கிலோ தொண்டையிலோ தங்காமல் நுரையீரலின் அடிவரை போகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் மூச்சுக்குழாயை அழற்றுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் டீசல் புகையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியதென வகைப்படுத்தியது. 2012 ஜூனில் ஐயத்துக்கு இடமின்றி அது புற்றுநோய்க் காரணியே என்று அறிவித்தது. இந்த முடிவுக்குப் பெரிதும் உதவியது அமெரிக்காவில் 8 சுரங்கங்களில் 12,315 தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு. அந்த எட்டில் ஒன்று உப்புச் சுரங்கம். நிலத்தடிச் சுரங்கமும் திறந்தவெளி உப்பளமும் ஒன்றல்ல. வெளியில் காற்று புகையைக் கலைத்துவிடும். ஆனாலும் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்ப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு அரைகுறையே.

இந்தியாவில் டீசல் எதிர்ப்பு நகரத்துச் சாலையிலிருந்துதான் தொடங்கியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் டெல்லிக் காற்றுக்காக உச்ச நீதிமன்றம் போனார். அனில் அகர்வால் தலைமையிலான அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 1996இல் வாகனப் புகை பற்றிய அறிக்கையை வெளியிட்டுப் பரப்புரையில் இறங்கியது. 1998 ஜூலை 28 அன்று, நகரப் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. கெடு தள்ளிப்போயிற்று, எரிவாயு நிலையங்களில் வரிசை நீண்டது, அபராதமும் விதிக்கப்பட்டது. 2002 இறுதியில் டெல்லி நகரப் பேருந்துகளில் டீசல் ஒழிந்தது.

தமிழகக் கரையிலும் மக்கள் தாமே காற்றை அளந்த வரலாறு உண்டு. 2004இல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமத்தார் பயிற்சி பெற்று, எந்த நேரம் எந்தத் திசையிலிருந்து என்ன நாற்றம் வந்தது என்று குறித்துவைத்தனர். வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். அது ரசாயன ஆலைகளை எதிர்த்த முயற்சி, டீசலை அன்று. ஆனாலும் மூச்சுத் திணறலைச் சான்றாக மாற்றும் வழியை அது இந்தக் கரைக்குக் கற்றுக்கொடுத்தது.

உப்புத் தொழிலுக்குள்ளேயே டீசலை விலக்கியவர்கள் குஜராத்தின் சிறிய கட்ச் பாலைவனத்து அகரியாக்கள். மழை முடிந்ததும் குடும்பத்தோடு பாலைக்குள் போய், கோடை வரை அங்கேயே குடிசை போட்டுத் தங்கி, நிலத்தடி உப்புநீரை இறைத்து உப்பு விளைவிப்பவர்கள் இவர்கள். இன்ஜின் இரவு பகலாக ஓடும். அதன் பக்கத்தில்தான் சமையல், அதன் பக்கத்தில்தான் குழந்தைகளின் தூக்கம். டீசலுக்கான பணத்தை வியாபாரி முன்பணமாகக் கொடுப்பார். உப்பின் விலையையும் அவரே முடிவுசெய்வார். பருவத்தின் கடைசியில் கையில் மிஞ்சுவது கொஞ்சம், சில ஆண்டுகளில் கடன் மட்டும்.

1972இல் எலா பட் தொடங்கிய சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கத்தின் அகரியா உறுப்பினர்கள் செலவுக் கணக்கை அலசியபோது, உற்பத்திச் செலவின் பெரும்பகுதி டீசலுக்கே போவது தெளிவானது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் சூரிய ஒளி பம்புகள் வந்தது இந்தக் கணக்கிலிருந்துதான். முதலில் பகலில் சூரிய ஒளி, இரவில் டீசல் என்று கலந்து ஓட்டினர். சங்கம் கடனுக்கு வழிசெய்தது. பிறகு குஜராத் அரசு 80 சதவீத மானியம் அளித்தது. டெல்லியில் உடல்நலத்தை முன்வைத்து வழக்கு நடந்தது. அகரியாக்களின் இயக்கமோ கடனை எதிர்த்து எழுந்தது. ஆனால் இன்ஜின் நின்ற இடத்தில் புகையும் இரைச்சலும் சேர்ந்தே நின்றன. ஏழைத் தொழிலாளரிடம் பொதுச் சுகாதாரம் போய்ச் சேர்வதற்கு இதைவிட உறுதியான பாதை இருப்பதாகத் தெரியவில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. உப்பளத்துக்கு வாங்கும் டீசலும் அதே டீசல் என்பதால் அந்த அளவுக்கு நன்மையே. ஆனால் புதிய லாரிக்குக் கட்டாயமான துகள் வடிகட்டி, பல ஆண்டு ஓடிய பழைய பம்பு இன்ஜினில் இல்லை. 2021 டிசம்பரில் கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; பறவைகளின் நீர்நிலைக்குக் கிடைத்த சட்டக் காவல் அருகில் உப்பு வாருபவரின் காற்றுக்கு இன்னும் கிடைக்கவில்லை. சூரிய ஒளி பம்புக்கு மானியம் தரும் மத்திய அரசின் 2019ஆம் ஆண்டுத் திட்டம் விவசாயிகளுக்கானது. உப்பு விளைவிப்பது சட்டத்தின் கண்ணில் விவசாயம் ஆகாது. உப்போ அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் 58ஆம் இனமாக நிற்கிறது. அதனால் குஜராத் செய்ததுபோல் உப்பளத்துக்கென்றே தனித் திட்டம் கேட்பதுதான் மரக்காணக் கரையின் உற்பத்தியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் திறந்திருக்கும் வழி.