ஈரலுக்கு ஒரு கல்லறை வாசகம்

ஆட்டின் ஈரலைப் பார்த்து அரசனுக்குக் குறி சொன்னான் பாபிலோன் நாட்டுப் பூசாரி. குறிகளைக் கோடுகளாகக் கீறிய களிமண் ஈரல் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. படையெடுப்பதா, பதுங்குவதா? ஆட்டு ஈரல் முடிவு செய்தது! சிரிக்கிறோம். ஆனால், காலன் என்ற கிரேக்க மருத்துவர் சொன்னார் என்பதற்காகவே, உணவை இரத்தமாக்கும் உலை ஈரல்தான் என்று 1400 ஆண்டுகள் நம்பிய கற்றோரை என்னென்பது?

உணவுச்சாறு ஈரலுக்குப் போகாமலே குருதியில் கலப்பதை அறிந்த டென்மார்க் அறிஞர் பார்த்தோலின், 1653இல் ஈரலுக்குக் கல்லறை வாசகமே எழுதிவிட்டார். முடியிழந்த மன்னனுக்குப் பித்தநீர் சுரக்கும் வேலைதான் மிச்சம்!

பாரிசில் கிளாட் பெர்னார்ட் அந்தக் கல்லறையைத் திறந்தார். சர்க்கரையை ஆக்குவது செடிகொடிகளே, விலங்குகளுக்கு அழிக்க மட்டுமே தெரியும் என்பது அன்றைய பேராசிரியர்களின் வேதவாக்கு. 1848இல், இறைச்சி மட்டுமே தின்ற நாயின் ஈரலிலிருந்து வெளிவரும் குருதியைச் சோதித்தார். சர்க்கரை இருந்தது! 1855இல் ஈரலைத் தனியே எடுத்து, 40 நிமிடம் நீர் பாய்ச்சிக் கழுவினார். சர்க்கரை துளியும் இல்லை. மறுநாள் பார்த்தார், செத்த ஈரலில் மீண்டும் சர்க்கரை! 1857இல் அதன் மூலப்பொருளான கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார். நேரே குருதியில் கலப்பதை 'உட்சுரப்பு' என்றழைத்தவரும் அவரே. ஹார்மோன் என்ற சொல் பிறந்தது 1905இல்தான்.

கணையம் அனுப்பும் இன்சுலின் முதலில் ஈரலுக்கே செல்கிறது. ஏறத்தாழப் பாதியை ஈரல் அங்கேயே அழித்துவிடுகிறது. 1957இல் அமெரிக்காவில் சால்மனும் டாகடேயும் கண்டது இன்னும் விந்தை: மூளையடிச் சுரப்பி விடுக்கும் வளர்ச்சி ஹார்மோன், குருத்தெலும்பை வளர்க்கக் குருதியில் வேறொரு பொருளை நாடுகிறது. அப்பொருளைப் பெரும்பாலும் குருதிக்கு வழங்குவது ஈரல்.

நம் வகுப்பில் உயர வரிசையில் நிற்கும் சிறுவர்களின் வளர்ச்சியில் ஈரலுக்கும் பங்குண்டு. 'ஈரல் பித்தநீர் சுரக்கும்' என்று ஒரே வரி எழுதி, அவர்கள் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.