நெய்வேலியும் சேமிப்பும் - ஒரு சிறு வரலாறு

நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 1956 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்றுதான் எல்.ஐ.சி.யும் பிறந்தது. சம்பளம் கொடுக்க ஒரு அரசு நிறுவனம், அதைச் சேமிக்க இன்னொன்று! அந்தத் தலைமுறைக்கு நிதி ஆலோசகர் தேவைப்படாததில் வியப்பில்லை.

ஆனால் நகரிய வாழ்க்கையில் ஒரு சிக்கல் உண்டு. சம்பளம், குவார்ட்டர்ஸ், மருத்துவமனை எல்லாம் ஒரே நிறுவனத்தைச் சார்ந்தவை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று வாழ்நாளில் பார்த்திராத பெரிய தொகை மொத்தமாகக் கைக்கு வரும். அதை எங்கே போடுவது?

1990களில் தமிழகமெங்கும் அதிக வட்டி ஆசை காட்டிய ஃபைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன, பிறகு மூழ்கின. முதலீட்டாளர்களைக் காக்க 1997-ல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. தேக்கு மரத் திட்டம் நடத்திய அனுபவ் நிறுவனம் 1998-ல் சரிந்தது.

தனியார்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1964-ல் தொடங்கிய யூ.டி.ஐ.யின் யூ.எஸ்.-64 திட்டத்தை வங்கி டெபாசிட் போலவே பலர் நம்பினார்கள். 2001 ஜூலையில் பணம் திருப்பித் தருவது ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் என்ரான் திவாலானது. ஓய்வூதியச் சேமிப்பின் பெரும்பகுதியை அந்தக் கம்பெனிப் பங்குகளிலேயே வைத்திருந்த ஊழியர்கள் வேலையையும் சேமிப்பையும் ஒருசேர இழந்தார்கள்.

கடலூர் மாவட்ட மானாவாரி விவசாயிக்கு இந்தப் பாடம் புதிதல்ல. கடலைக்கு நடுவே துவரை விதைப்பது எதற்காக? ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

சரி, ஆலோசகரிடம் போகலாம். அவருக்குப் பணம் தருவது யார்? முன்பு மியூச்சுவல் ஃபண்டு விற்பவரின் கமிஷன் முதலீட்டாளர் போடும் பணத்திலிருந்தே 'நுழைவுக் கட்டணம்' என்ற பெயரில் கழிக்கப்பட்டது. 2009 ஆகஸ்டில் செபி அதை நிறுத்தியது. 2013-ல் முதலீட்டு ஆலோசகர்கள் செபியிடம் பதிவு பெற வேண்டும் என்ற விதிமுறை வந்தது. 2020-ல் அது இன்னும் கடுமையானது: ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் சொல்லி, கமிஷனுக்கு விற்கவும் கூடாது.

ஆகவே ஓய்வு பெறுபவர் ஆலோசகரிடம் முதலில் கேட்க வேண்டியது "எது அதிக லாபம் தரும்?" என்பதல்ல. "உங்கள் செபி பதிவு எண் என்ன? உங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?" என்பதே. முப்பது வருட உழைப்பைக் காக்க இந்த இரண்டு கேள்விகளைக் கேட்பதில் கூச்சம் எதற்கு?