குருவும் தொண்டும்

ஓர் ஊரின் சரித்திரத்தைக் கோட்டையிலும் கல்வெட்டிலும் தேடுவது வழக்கம். எங்கள் கல்முனைக் கரையோரத்தில் அதனைப் பள்ளிக்கூடங்களிலேயே தேடவேண்டும் என்பது என் எண்ணம். வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர் என முஸ்லிம் சகோதரர்களின் ஊர்கள் இருபுறமும் விளங்க, நடுவே அமைந்திருப்பது காரைதீவு. அங்கே 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் மைந்தராய்ப் பிறந்த மயில்வாகனனே பிற்காலத்தில் விபுலானந்த அடிகளாய் விளங்கினார். ஆண்டுதோறும் அவருக்கு மாலை சூட்டுகிறோம், மேடையிலே புகழ்கிறோம். ஆயின் அவரை ஆக்கியவர் யாவர் என்று கேட்பார் அரியர்.

முதற்கண் நினைக்கத்தக்கவர் குஞ்சுத்தம்பி ஆசிரியர். இளமையில் தமக்குக் கல்விக்கண் திறந்த அவரை, அடிகள் பெரும் புலவரான பின்னரும் செய்யுளிலே நன்றியோடு நினைந்தார். கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையும், மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியும் அவருக்கு ஆங்கிலத்தையும் கணிதத்தையும் ஊட்டின. மிஷன் பாடசாலையிற் படித்தவன் தன் சமயத்தை மறப்பான் என்று நம் பெரியோர் சிலர் அஞ்சுவதுண்டு. அத்தகைய பாடசாலையொன்றிற் பயின்ற நானும் அப்பேச்சைக் கேட்டே வளர்ந்தேன். அதற்கு விடை அடிகளின் வாழ்க்கையில் இருக்கின்றது. ஊர்விட்டு ஊர்வந்து, உற்றார் உறவினரைத் துறந்து, பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே வாழ்வாகக் கொண்ட துறவியரை அவர் அங்கே கண்டார். சமயம் வேறாயினும் தொண்டின் இலக்கணம் ஒன்றே அன்றோ!

1897ஆம் ஆண்டு ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கியபோது மயில்வாகனனுக்கு ஐந்து வயதும் நிரம்பவில்லை. அப்பெரியாரின் குரலை அவர் கேட்டிலர். ஆயினும் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராயிருந்த காலத்தில், இராமகிருஷ்ண மடத்துச் சுவாமி சர்வானந்தரின் தொடர்பால் அக்குரல் அவரை வந்தடைந்தது. அப்போது அவர் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர். 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியும் வாய்த்தது. அத்தனையும் விட்டு 1922இல் சென்னை மடத்தை அடைந்தார். 1924இல் பரமஹம்சரின் நேர்ச்சீடரான சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்றார்.

துறவு பூண்டவர் காட்டுக்குப் போகவில்லை; பிறந்த மண்ணுக்குத் திரும்பினார். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று வளர்த்தார். 1929இல் கல்லடி உப்போடையில் எழுந்த வித்தியாலயத்துக்குத் தம் பெயரை இட்டாரா? இல்லை, சிவானந்த வித்தியாலயம் என்று தம் குருவின் பெயரையே இட்டார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரான பின்பும், அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். பல்லாண்டு உழைத்து இயற்றிய யாழ்நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. மறுமாதமே, ஜூலை 19இல், அவர் மறைந்தார்.

அவரோடு தொண்டு மறைந்ததா? அவ்வூரிலேயே தோன்றிய சுவாமி நடராஜானந்தர் பணியைத் தொடர்ந்தார். மண்டூர் தந்த புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை தமிழ்த்துறையில் விளக்கேந்தி நின்றார். இங்கே ஒன்றைக் காண்கிறோம்: ஆசான் ஒருவர், அவரால் எழுந்த மாணவர், அம்மாணவரால் எழுந்த பலர்.

எனினும் ஓர் ஐயம் எழலாம். பெரியோரை வியந்து போற்றினால் மட்டும் இளைஞர் தொண்டராவரோ? ஆகார். தொலைவில் நிற்கும் பெருமையைக் கண்டு, "நம்மால் ஆகுமோ" என்று அயர்ந்துபோவதும் உண்டு. விவேகானந்தரின் புகழ் மயில்வாகனனின் காதில் விழுந்திருக்கலாம். ஆயினும் அவர் அடியெடுத்து வைக்க, அருகே வந்து பேசிய ஒரு சர்வானந்தர் வேண்டியிருந்தது. அதற்கும் முன்னே, எழுத்தறிவித்த ஒரு குஞ்சுத்தம்பி ஆசிரியர் வேண்டியிருந்தது. உயர்ந்த இலட்சியம் மலைமேல் விளக்கு. கைப்பிடித்து வழிகாட்டுபவரோ வாசலில் வைத்த விளக்கு. இரண்டும் வேண்டும்.

இளைஞர்காள்! பல்கலைக்கழகம் புகுந்த நம்மிற் பலர் உத்தியோகம் தேடிக் கொழும்புக்கும் கடல் கடந்தும் செல்கிறோம், அது குற்றமன்று. ஆனால் நமக்குப் பின்னே வரும் சிறுவன் யாரைப் பார்த்து எழுவான்? விடுமுறைக்கு ஊர் வரும்போது, வாரத்தில் ஒரு மாலையேனும் நம் சங்க மண்டபத்தில் பத்துப் பிள்ளைகளுக்குக் கணிதமோ தமிழோ சொல்லிக் கொடுப்போம். அயலூர்ப் பிள்ளை வந்தாலும் இடம் கொடுப்போம். அடிகளுக்கு நாம் சூட்டத்தக்க மாலை அதுவே.