பத்து வயதோடு நின்ற பாதை: ரம்புக்கனைப் பக்கத்திலிருந்து ஆங்கில இடைநிலைப் பாடசாலையின் வரலாறு

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் புகையிரதம் பொல்காவலையைத் தாண்டி ரம்புக்கனை வரைக்கும் பெரிய ஏற்றம் எதுவும் இல்லாமல் ஓடிவரும். அதற்கப்பால் கடுகண்ணாவை ஏற்றம். இரட்டைத் தண்டவாளம் ரம்புக்கனையோடு முடிந்து ஒற்றைப் பாதையாகிவிடும். நீராவி எஞ்சின் காலத்தில், பின்னாலிருந்து தள்ளுவதற்கு இன்னோர் எஞ்சினை இங்கேதான் பூட்டினார்கள். 1867இல் கண்டி வரை திறக்கப்பட்ட இந்தப் பாதை கோப்பிக்காகப் போடப்பட்டது. கோப்பியை இறக்க, ஆளை ஏற்ற, கணக்கை எழுத மூன்று வகை மனிதர் தேவைப்பட்டார்கள். மூன்றாவது வகையினரை உருவாக்கியது ஆங்கிலப் பாடசாலை.

ஆங்கிலப் பாடசாலைகளின் வரலாற்றைப் பெரும்பாலும் அந்தப் பாடசாலைகளே எழுதிக்கொள்கின்றன. நிறுவுநர், அதிபர் வரிசை, கிரிக்கெட் போட்டி, பெயர்பெற்ற பழைய மாணவர் என்று நூற்றாண்டு மலர் நிறைந்துவிடும். வாசலுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றி மலரில் ஒரு பக்கமும் இருக்காது. சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்தில், ரம்புக்கனையைச் சூழ்ந்த றப்பர், தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, பார்த்தால் இந்த வரலாறு வேறு முகம் காட்டுகிறது. அந்த முகத்தையே இக்கட்டுரை தேடுகிறது.

தொடக்கம் பிரித்தானிய நிர்வாகத்தை ஆராய்ந்த கோல்புரூக் விசாரணையின் பரிந்துரைகளில் இருக்கிறது. அவற்றைத் தொடர்ந்து 1834இல் பாடசாலை ஆணைக்குழு ஏற்பட்டது. நிர்வாகச் செலவைக் குறைக்க உள்ளூர் எழுதுவினைஞர் வேண்டும், அவர்களுக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதே கணக்கு. கொழும்பில் ஜோசப் மார்ஷ் பாதிரியார் 1835இல் தொடங்கிய தனியார் பாடசாலை அடுத்த ஆண்டே அரசாங்கக் கொழும்பு அக்கடமி ஆயிற்று. அதுவே 1881இல் றோயல் கல்லூரியானது. வடக்கோ அரசாங்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியிருந்தது. டானியல் பூவர் தலைமையில் ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் எல்லாம் அங்கே படிப்பிக்கப்பட்டன. 1855இல் அது மூடப்பட்டது. ஆங்கிலம் படித்த இளைஞர் மதத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போனதில் மிஷன் தலைமைக்கு இருந்த மனக்குறை அதற்கு ஒரு முக்கிய காரணம். 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. மனக்குறை மிஷனுக்குத்தான். யாழ்ப்பாணத்து வீடுகள் ஆங்கிலத்தில் தமக்கு வேண்டியதைக் கண்டுவிட்டிருந்தன.

கல்வியை ஆராய்ந்த மோர்கன் குழுவின் 1867ஆம் ஆண்டு அறிக்கையும் 1869இல் அமைந்த பொதுப் போதனைத் திணைக்களமும் ஆங்கிலம் படிப்பவர், படிக்காதவர் என்ற வேறுபாட்டைச் சட்டகமாக்கின. பாடசாலைகள் மூன்று வகையாயின. கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பாடசாலை முதலாவது, ஆங்கிலமும் சுயபாஷையும் கலந்த இருமொழிப் பாடசாலை இரண்டாவது, இலவசச் சுயபாஷைப் பாடசாலை மூன்றாவது. மிஷன்களுக்கு அரசாங்கம் உதவிப்பணம் கொடுத்தது. 1880இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சையும் 1882இல் லண்டன் மற்றிக்குலேசனும் இலங்கைக்கு வந்த பிறகு, இடைநிலைக் கல்வி என்றாலே இங்கிலாந்தில் தாள் திருத்தும் கல்வி என்றாயிற்று. அமெரிக்கரான ஒல்கொட் 1880இல் வந்து பௌத்த பிரம்மஞான சபையைத் தொடங்கியதும், 1886இல் கொழும்பில் ஆனந்தாக் கல்லூரியாக வளரப்போகும் பாடசாலை தோன்றியதும், 1890இல் யாழ்ப்பாணத்தில் இந்துக் கல்லூரி எழுந்ததும் மிஷன் ஆதிக்கத்துக்கு எதிரான பதில்கள். ஆனால் பதிலும் ஆங்கிலத்திலேயே சொல்லப்பட்டது. சமயம் மாறியதே தவிரப் பாடத்திட்டம் மாறவில்லை. கேகாலை நகரின் பழைய பாடசாலைகளான புனித மரியாள் கல்லூரியும் கேகாலு வித்தியாலயமும் இந்த இரண்டு ஓட்டங்களையும் நினைவூட்டுகின்றன.

வடக்குக்கான பாதை பொல்காவலையில் பிரிகிறது. 1905இல் அது காங்கேசன்துறை வரை முழுமை பெற்றது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த இளைஞன் பொல்காவலையில் இறங்கி வண்டி மாறினால் அடுத்த பெரிய நிலையம் ரம்புக்கனை. தோட்டத்துக் கந்தோரில் அவன் கிளாக்கர், புகையிரத நிலையத்தில் அவன் ஸ்டேசன் மாஸ்டர். தோட்டத்து வழக்கில் ‘பெரிய கிளாக்கர் ஐயா’. தோட்டத்துரை ஆங்கிலத்தில் சொன்னதைத் தொழிலாளரை மேய்க்கும் கங்காணியிடம் தமிழில் சொல்பவர் அவர். லயத்துப் பிள்ளைக்கும் அவருக்கும் மொழி ஒன்று, படிப்பு வேறு. இந்த உறவைச் சாதி, பிரதேசக் கண்ணோடு மட்டும் பார்க்கிறவர்கள் பாடசாலையை மறந்துவிடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. வட்டுக்கோட்டைக்கும் லயத்துக்கும் இடையிலிருந்த தூரத்தைப் பெரிதாக்கியது சட்டமே.

தோட்டப் பிள்ளைகளின் கல்வி மிஷன் வேலையாகத் தொடங்கியது. 1854இல் சர்ச் மிஷன் தோட்டத் தொழிலாளருக்கெனத் தமிழ்க் கூலி மிஷனை ஏற்படுத்தியது. அரசாங்கம் அரை நூற்றாண்டுக்குப் பிறகே திரும்பிப் பார்த்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும், 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டத்தில் பாடசாலை வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டன. கட்டாய வயது 6 முதல் 10 வரை. மொழி சுயபாஷை, அதாவது தமிழ். ஆங்கிலத்துக்கு அங்கே வேலை இல்லை. நாட்டின் மற்றப் பிள்ளைகளைக் கல்வி தேடிய அதே காலத்தில், தோட்டப் பிள்ளையைப் பத்து வயதில் சட்டமே கைவிட்டது.

பத்து வயதில் என்ன நடக்கும் என்பதை இரண்டு இடாப்புகள் சொல்லும். ஒன்று பாடசாலை இடாப்பு. வரவு எண்ணிக்கையைப் பொறுத்தே அரசாங்க உதவிப்பணம் என்பதால் வாத்தியார் அதைக் கவனமாகவே எழுதுவார். மற்றது வேலைக்கு வந்தோரைப் பதியும் தோட்டத்துச் செக்ரோல். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தபோது ஆண், பெண், பிள்ளை என்று மூன்று வீதம் வைத்தது. பிள்ளைக் கூலி என்றொரு வகை சட்டத்திலேயே இருந்தது. ‘பேர் பதிந்தாச்சு’ என்றால் லயத்தில் எல்லோருக்கும் விளங்கும். ஒரு இடாப்பிலிருந்து பெயர் நீங்கி மற்றதில் ஏறிவிட்டது. வீட்டுக்கு ஒரு கூலி கூடியது. அதைக் குறையாகக் கருத ஏழைத் தாய்க்கு வசதியில்லை.

கேகாலைப் பக்கத்தில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. நுவரெலியா மாவட்டம் போல இங்கே தோட்டங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தொடர்ந்து பரந்திருக்கவில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே துண்டு துண்டாக, பெரும்பாலும் றப்பராக இருந்தன. பால் வெட்டு விடிகாலை வேலை. வெயில் ஏறினால் பால் குறையும். தாய் மரத்துக்குப் போகும் நேரத்தில் தம்பி தங்கையைப் பார்க்க மூத்த பிள்ளை வேண்டும். ஒற்றை அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பும் ஒரே சத்தம் என்றிருந்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் அந்த மூத்த பிள்ளையின் இடம் அடிக்கடி காலியாக இருந்ததில் வியப்பில்லை.

மலையகத்தில் யாருமே ஆங்கிலப் பாடசாலைக்குப் போகவில்லை என்று சொல்வது பிழை. மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அட்டனில் மெதடிஸ்ட் பாடசாலையிலும் கொழும்பில் நாலந்தாக் கல்லூரியிலும் படித்தார். 1947இல் பாராளுமன்றம் சென்றார், தோட்ட வாழ்வை ஆங்கிலத்தில் எழுதினார். பின்னாளில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவரான சௌமியமூர்த்தி தொண்டமான் கம்பளை சென் அன்றூசில் படித்தார். இருவருக்கும் பின்னால் பெரிய கங்காணிக் குடும்பத்தின் செல்வாக்கு இருந்தது. கட்டணமும் விடுதிச் செலவும் கொடுக்கக்கூடிய வீட்டுக்கு வாசல் திறந்தது. செக்ரோலில் பேர் கொடுத்த வீட்டுக்குத் திறக்கவில்லை.

வாசலைப் பெரிதாக்க முனைந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சர். அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. ஆனால் கன்னங்கராவின் மிகக் கூர்மையான கருவி இலவசக் கல்வியைக் காட்டிலும் மத்திய பாடசாலை என்றே நான் நினைக்கிறேன். முதலாவது மத்துகமவில் திறந்தது. அவர் காலத்திலேயே எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது. நகரத்துப் பெரிய கல்லூரிக்கு நிகரான ஆங்கில இடைநிலைப் பாடசாலை கிராமத்துக்கு வரவேண்டும், ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதித் தேறிய கிராமத்துப் பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும் என்பதே திட்டம். ரம்புக்கனைப் பகுதியில் பின்னவலை மத்திய மகா வித்தியாலயத்தின் பெயரிலுள்ள ‘மத்திய’ என்ற சொல் அந்தக் காலத்தை நினைவூட்டுகிறது. பின்னவலை என்றால் இன்று வெளியூர்க்காரர் 1975இல் தொடங்கிய யானைகள் சரணாலயத்தைத்தான் நினைக்கிறார்கள். பாடசாலை யாருக்கு நினைவு வரப்போகிறது!

இங்கே இரண்டு விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். மத்திய பாடசாலையின் கதவு ஐந்தாம் வகுப்பில், ஏறக்குறைய பத்து வயதில் திறந்தது. தோட்டப் பாடசாலையின் சட்டப் பொறுப்பு பத்து வயதில் முடிந்தது. ஒரே வயதில் கிராமத்துப் பிள்ளைக்கு ஏணி வைக்கப்பட்டது, தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வயதிலேயே பள்ளிக்கூடம் முடிந்தது. இதை யாரோ திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு விதிகளை இரண்டு தலைமுறைகள் எழுதின, அவற்றைப் பொருத்திப் பார்க்க ஆளில்லை என்பதே போதும். பொருத்திப் பார்க்கக்கூடியவர்களுக்கு வாக்கும் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரை வாக்காளர் பட்டியலிலிருந்து அகற்றின. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாத வீட்டில் எந்தப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்புவது?

இதற்குள் ஆங்கிலப் பாடசாலையே உருமாறிவிட்டிருந்தது. ஆரம்ப வகுப்பில் தாய்மொழி வந்தது. ஐம்பதுகளில் இடைநிலை வகுப்புகளும் படிப்படியாகச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறின. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. கொழும்பில் சில பெரிய கல்லூரிகள் தனியாராகத் தப்பின. அறுபதுகளில் ஆங்கில இடைநிலைப் பாடசாலை என்ற இனமே மறைந்து, ஆங்கிலம் ஒரு பாடமாக ஒடுங்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றதோ எழுபதுகளின் பிற்பகுதியில், தோட்டங்கள் தேசியமயமான பிறகுதான். மிஷன் பாடசாலைக்கும் தோட்டப் பாடசாலைக்கும் இடையில் ஒன்றரைத் தசாப்த இடைவெளி. எண்பதுகளில் சுவீடன் உதவியுடன் கட்டடங்கள் வந்தன. ஜேர்மன் உதவியுடன் கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. ஆசிரியர் லயத்திலிருந்தே உருவாகத் தொடங்கினர். நல்ல மாற்றம், பெரும் பகுதி நுவரெலியாப் பக்கம்.

கேகாலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு தமிழில் தொடர வழி அருகில் எது? மாவனெல்லை, ஹெம்மாதகமப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகள் அதற்குப் பெரிய துணை. அவை தமிழில் படிப்பிக்கின்றன. அங்கே சேர பஸ் கூலி வேண்டும், சில வீடுகளுக்குத் தயக்கமும் உண்டு. மற்ற வழி அயலிலுள்ள சிங்களப் பாடசாலை. முதல் வகுப்பிலிருந்தே அங்கே போகிற பிள்ளை தமிழை வீட்டில் பேசும், எழுதத் தெரியாது. பேரப்பிள்ளையின் கொப்பியை வாசிக்க முடியாத பாட்டிகள் சப்ரகமுவத் தோட்டங்களில் புதியவர்கள் அல்லர்.

2001இல் ஆங்கிலம் பாடமொழியாக அரசாங்கப் பாடசாலைகளுக்குத் திரும்பியது. முதலில் உயர்தர விஞ்ஞானப் பிரிவில், பிறகு ஆறாம் வகுப்பிலிருந்து. ஆசிரியர் கிடைக்கும் இடைநிலைப் பாடசாலைகளில் மட்டும். அவை பெரும்பாலும் நகரத்துப் பாடசாலைகள், அவற்றுள் பலவற்றின் ஆறாம் வகுப்புக்குள் நுழைய ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் புள்ளியே முக்கிய வழி. தோட்டப் பாடசாலைகளில் பலவற்றை அரசாங்கம் மூன்றாம் வகை என்று பதிந்துள்ளது. அந்த வகைப் பாடசாலைகள் பலவற்றில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிகிறது. ஆங்கில மொழிமூலம் தொடங்கும் வகுப்பு ஆறு.